பழம்பொருள் தெருவில் வனத்துறையின் கண்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாண்டி, 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தை நோக்கிப் போகும் ஜூ டவுன் தெரு நீளமானதல்ல. ஆனாலும் ஒரு முனையில் நுழைந்தவர் மறுமுனைக்கு வந்து சேர அரை நாள் ஆகிவிடும். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்த பண்டகசாலைகளில் இப்போது தேக்குக் கதவுகள், வெண்கல வார்ப்புகள், கப்பல் விளக்குகள், ஓடாத சுவர்க்கடிகாரங்கள். ஒரு கடையில் காஷ்மீர்க்காரர் சால்வை விரிக்கிறார், அடுத்ததில் அத்தர், அதற்கடுத்ததில் கிளிஞ்சலும் நெற்றிப்பட்டமும்.

இந்தத் தெருவில் வேட்டையாட எதுவும் இல்லை. காடு கிழக்கே கோடநாடு, மலையாற்றூர் பக்கம் இருக்கிறது. ஆனால் வேட்டையைத் தடுக்கும் சட்டத்தைச் சுற்றுலாப் பயணி சந்திக்க நேர்ந்தால் அது பெரும்பாலும் காட்டில் நடக்காது, கடையில்தான் நடக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கி பிடித்தவரோடு நின்றுவிடுவதில்லை. பல், நகம், கொம்பு, ஓடு, ரோமம் என்று விலங்கின் எந்தத் துண்டும் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் வந்து நிற்கிறது.

அண்மைக்காலத்தில் கொச்சி இதைக் கண்டது ஒரு கழுத்துச் சங்கிலியின் வழியாக. 2025 ஏப்ரல் இறுதியில் ராப் பாடகர் வேடனின் குடியிருப்பில் காவல்துறை கஞ்சா தேடிப் போனது. அவர் அணிந்திருந்த சங்கிலியில் ஒரு பல் தொங்கியது. சிறுத்தைப் பல் என்று சொல்லி வனத்துறை தனியாக வழக்குப் பதிந்து அவரைக் கைது செய்தது. சென்னை நிகழ்ச்சி ஒன்றில் ரசிகர் கொடுத்த அன்பளிப்பு, உண்மையான சிறுத்தைப் பல் என்று தெரியாது என்றார் அவர். பெரும்பாவூர் நீதிமன்றம் ஏப்ரல் 30 அன்று ஜாமீன் கொடுத்தது. அது சிறுத்தையின் பல்தான் என்பதற்கு அறிவியல் சான்று அப்போது இல்லை என்பதையும் குறிப்பிட்டது. வனத்துறை காட்டிய அவசரம் கேரளத்தில் பெரிய விவாதமானது. அந்த விவாதம் நியாயமானதே. ஆனால் பொருள் வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: விலை கொடுத்து வாங்காத பொருளுக்காகவும் ஒருவர் இரண்டு இரவுகள் காவலில் கழிக்க நேரலாம்.

இதற்குக் காரணம் சட்டத்தின் 57ஆம் பிரிவு. பாதுகாக்கப்பட்ட விலங்கின் பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டால், அது முறைகேடாக வைத்திருந்ததாகவே கருதப்படும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவருடையது. வழக்கமாகக் குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே பாரம் தோள் மாறுகிறது. முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபின் அபராதமும் குறைந்தது 25,000 ரூபாய்.

தந்தம்

ஜூ டவுனில் அதிகம் காதில் விழும் சமாதானம் “இது பழசு” என்பது. நூறு வயதான பொருளுக்குச் சட்டம் பாயாது என்று விற்பவர்களே சிலர் நம்புகிறார்கள். இரண்டு சட்டங்கள் குழம்பிப்போனதன் விளைவு இது. நூறு ஆண்டுக் கணக்கு, தொல்பொருள்கள் பற்றிய வேறொரு சட்டத்தில் வருவது. அதுவும் 1972இல் பிறந்ததுதான். நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது அது. வனவிலங்குச் சட்டத்தில் வயதுக்குச் சலுகை கிடையாது. ஆகவே, நூற்றைம்பது வருடத் தந்தச் சிமிழ் ஒன்று இரண்டு சட்டங்களிலும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.

இந்திய யானைத் தந்த வணிகத்தை 1986 திருத்தம் நிறுத்தியது. ஆப்பிரிக்கத் தந்தத்தை இறக்குமதி செய்து செதுக்கி விற்கும் வழியை 1991 திருத்தம் அடைத்தது. தடைக்கு முன் சட்டப்படி வாங்கி வைத்த சரக்கை என்ன செய்வது என்று கேட்டு வணிகர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு, வீட்டில் இருக்கும் விலங்குப் பொருள்களைக் கணக்குக் காட்ட 180 நாள் அவகாசம் கொடுத்தது மத்திய அரசு. அக்டோபரில் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அதற்குள் அறிவித்து உரிமைச் சான்றிதழ் பெற்ற குடும்பங்கள் உண்டு. அவர்களும் பொருளை வைத்துக்கொள்ளலாமே தவிர விற்க முடியாது. வாரிசுக்குப் போகலாம், வாரிசு 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். எனவே “சான்றிதழோடு விற்கிறேன்” என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அந்த வாக்கியத்திலேயே குற்றம் இருக்கிறது.

சான்றிதழே நிற்குமா என்பது அடுத்த கேள்வி. கொச்சி தேவராவில் நடிகர் மோகன்லாலின் வீட்டில் 2011இல் வருமான வரித்துறை சோதனையிட்டபோது யானைத் தந்தங்கள் கண்டெடுக்கப்பட்டன. 2012இல் வனத்துறை வழக்குப் பதிந்தது. 2015 டிசம்பரிலும் 2016 பிப்ரவரியிலும் மாநில அரசு சிறப்பு ஆணைகள் பிறப்பித்து, தந்தங்களை அறிவிக்க அவருக்கு வாய்ப்புக் கொடுத்து, உரிமைச் சான்றிதழும் வழங்கியது. 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆணைகளும் சான்றிதழ்களும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆணைகளை அரசிதழில் வெளியிடவில்லை என்பதே காரணம். முறைப்படி புதிய அறிவிப்பு வெளியிட அரசுக்குத் தடையில்லை என்றும் சொன்னது. ஒரு புகழ்பெற்ற மனிதர், மாநில அரசின் கையெழுத்து, பத்தாண்டு. அத்தனைக்குப் பிறகும் காகிதம் நிற்கவில்லை. கடையில் கிடைக்கும் கையெழுத்து ரசீது எம்மாத்திரம்?

“தந்தம் எல்லாம் இப்போது யார் விற்கிறார்கள்?” என்று கேட்பவருக்கும் பதில் இருக்கிறது. 2015இல் மலையாற்றூர், வாழச்சால் வனப்பகுதிகளில் யானைகளைக் கொன்ற கும்பல் பிடிபட்டது. கும்பலோடு காட்டுக்குள் போனவர் ஒருவரின் வாக்குமூலத்தில் தொடங்கிய இழை, திருவனந்தபுரத்துச் செதுக்குப் பட்டறை வழியாக டெல்லி வரை போனது. ஆபரேஷன் ஷிக்கார் என்று பெயரிடப்பட்ட அந்த விசாரணையில் 70க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். டெல்லியில் மட்டும் ஏறக்குறைய 500 கிலோ தந்தம் கைப்பற்றப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்தவர் சிலர். மற்றவர்கள் தரகர், செதுக்குபவர், விற்பவர், வாங்குபவர்.

அதிகாரிகள் தந்தத்தை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதை வாங்குபவரும் ஓரளவு கற்றுக்கொள்ளலாம். முதலில் வெட்டுமுகத்தைப் பார்ப்பார்கள். பொம்மையின் அடிப்பகுதியிலோ பிடியின் நுனியிலோ மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கோலம் போட்டிருந்தால் அது தந்தம். கோடுகள் சந்திக்கும் கோணம் விரிந்திருந்தால், சுமார் 115 பாகைக்கு மேல், இன்றைய யானை. 90க்குக் கீழே குறுகியிருந்தால் அழிந்துபோன மாமத யானை. எலும்பில் அந்தக் கோலம் இராது. ஊசி குத்தினாற்போல் சிறு கரும்புள்ளிகள் இருக்கும். ஒரு காலத்தில் ரத்தக் குழாய் ஓடிய தடங்கள் அவை. பிளாஸ்டிக்கிலும் கோடு வரைந்து ஏமாற்றுவார்கள், ஆனால் அவை இணைகோடுகளாகவே ஓடும், குறுக்கே வெட்டாது. பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். பொருளும் கெடும், கடைக்காரரும் சும்மா இருக்கமாட்டார்.

கேரளத்தின் ஈட்டி மர யானை பொம்மைகளில் இதைச் சோதிப்பது நல்லது. இன்று செய்பவற்றில் கொம்பு பிளாஸ்டிக் அல்லது மரம். தடைக்கு முந்தைய பொம்மை என்றால், விரல் நீளமுள்ள அந்தக் கொம்பு அசலாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒட்டக எலும்பில் செதுக்கிய சிமிழும் சீப்பும் தடையில்லாதவை, அழகானவையும்கூட. ஆனால் ரசீதில் “எலும்பு” என்று எழுதியிருப்பதால் தந்தம் எலும்பாகிவிடாது.

சிறு பொருள்கள்

தந்தத்துக்கு எல்லோரும் கொஞ்சமாவது பயப்படுகிறார்கள். கைக்குள் அடங்கும் பொருள்தான் சிக்க வைக்கிறது. யானை முடி மோதிரம் இதில் முதலிடம். கேரளத்திலும் கொங்கு நாட்டிலும் இதை விரும்பிப் போடுபவர்கள் ஏராளம். கோயில் யானையின் வாலிலிருந்து தானாக உதிர்ந்த முடி என்பார்கள். உதிர்ந்தது, பிடுங்கியது என்ற வேறுபாட்டைச் சட்டம் பார்ப்பதில்லை. புள்ளிமானின் உதிர்ந்த கொம்புக்கும் இதே கதிதான். புலிநகப் பதக்கமும் அப்படியே. சந்தையில் சுற்றும் நகங்களில் பல மாட்டுக் கொம்பையும் குளம்பையும் செதுக்கிச் செய்தவை. போலி என்றால் காசு போச்சு. அசல் என்றால் சிறை. இரண்டில் எது என்று மரபணுச் சோதனை வரும்வரை தெரியாது.

காஷ்மீர்க் கடைகளில் பஷ்மினா வாங்கலாம். அது வளர்ப்பு ஆட்டின் ரோமம். மோதிரத்துக்குள் நுழையும் சால்வை என்று குரலைத் தாழ்த்தி ஷாதூஷ் பற்றிப் பேச்செடுத்தால் விலகுவதே உத்தமம். அது திபெத்தியப் பீடபூமியின் சிரு மானைக் கொன்று எடுக்கும் ரோமம். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள். அத்தர்க் கடையில் கஸ்தூரி, அம்பர் என்று எழுதியிருக்கும் குப்பிகள் ஏறக்குறைய எல்லாமே செயற்கை வாசனைதான், கவலையில்லை. கட்டியாக அம்பர்கிரிஸ் காட்டினால் கதை வேறு. திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அந்தப் பொருளை 18 கிலோ அளவுக்கு வைத்திருந்தவர்கள் 2021 ஜூலையில் திருச்சூர் மாவட்டம் சேட்டுவாவில் வனத்துறையிடம் மாட்டினார்கள். இத்தகைய வழக்குகளில் வாங்க வருபவராக வேடமிட்டு அதிகாரிகளே போவதும் உண்டு.

கொச்சி-முசிறிஸ் பினாலே நடக்கும் மாதங்களில் ஓவியர்கள் இங்கே குவிகிறார்கள். அவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: கீரி ரோமத் தூரிகை. நுனி கருத்து நடுவில் வெளிறிய பட்டை ஓடும், மிருதுவான தூரிகை அது. 2019இல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம் ‘ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்’ என்ற பெயரில் இந்தத் தூரிகைகளைத் தேடிப் பல மாநிலங்களில் சோதனை போட்டது.

கிளிஞ்சல் கடையில் பெரும்பாலானவை தடையற்றவை. வரி வரியாகச் சுருண்ட நாட்டிலஸ், கொம்புள்ள பெரிய ஹெல்மெட் சங்கு, ட்ரைடன் ஊதுசங்கு, அலை அலையான விளிம்புள்ள ராட்சதச் சிப்பி ஆகிய நான்கையும் விட்டுவிட வேண்டும். காய்ந்த கடல்குதிரையும் கூடாது. வெள்ளைப் பவளப்பாறைத் துண்டும், விசிறி போல விரியும் கடல்விசிறியும் கூடாது. மோதிரத்தில் பதிக்கும் மத்தியதரைக் கடல் செம்பவளம் வேறு இனம். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மயிலிறகு மட்டும் ஒரு விசித்திர விதிவிலக்கு. மயிலைக் கொன்றால் சிறை. ஆனால் தானாக உதிர்ந்த தோகை இறகை நாட்டுக்குள் விற்கலாம், வாங்கலாம். அதனால்தான் பூரத்துக்குச் செய்யும் மயிலிறகு விசிறியான ஆலவட்டத்தின் சிறு உருவங்கள் இங்கே தாராளமாகத் தொங்குகின்றன. ஏற்றுமதிக்குத் தடை உண்டு. சிங்கப்பூருக்கோ கொழும்புக்கோ திரும்பும் உறவினருக்கு ஆலவட்டம் பரிசளித்தால், நெடும்பாசேரி விமான நிலையத்தில் சுங்கத்துறை அதைப் பிடுங்கிக்கொள்ளலாம். தந்தம் என்றால் போய்ச் சேரும் இடத்திலும் சிக்கல். சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுத் தந்த வணிகத்தையே நிறுத்திவிட்டது.

உயிருள்ளவற்றைப் பற்றித் தமிழ்நாட்டுப் பயணிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் கடலூர்த் தொகுதியில் இயக்குநர் தங்கர் பச்சான் வெல்வார் என்று சீட்டு எடுத்த கிளியையும் அதன் சோதிடரையும் வனத்துறை தூக்கிச் சென்றதை ஊரே பார்த்தது. பச்சைக்கிளி வளர்ப்பு கேரளத்திலும் குற்றமே.

சோதனைக்கு ஆள் வந்தால்

கடையில் நிற்கும்போதே சோதனை நடந்தால் பதறி ஓட வேண்டாம். சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி வன அதிகாரிகளும், சப்-இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்ட காவல் அதிகாரிகளும், நியாயமான சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே கடை, வண்டி, பை எதையும் சோதிக்கலாம், பொருளைக் கைப்பற்றலாம். வருபவர் வனவராக இருக்கலாம், வனச்சரகராக இருக்கலாம், பறக்கும் படையாக இருக்கலாம். 2007இல் அமைக்கப்பட்ட வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகத்தின் ஆளாகவும் இருக்கலாம். அந்தப் பணியகத்துக்குக் கொச்சியில் துணை மண்டல அலுவலகம் உண்டு.

அடையாள அட்டையைக் கேட்பது தவறல்ல. கைப்பற்றும் பொருளுக்கு மகஜர் எழுதுவார்கள். எடை, அளவு, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். “ஒரு தந்தப் பொருள்” என்று எழுதியிருந்தால், “தந்தம் என்று சந்தேகிக்கப்படும் பொருள்” என்று திருத்தச் சொல்லலாம். மேலே சொன்ன சிறுத்தைப் பல் வழக்கு காட்டுவதுபோல், பின்னால் நீதிமன்றத்தில் அந்த வேறுபாடு கனமானது. இன்னொன்று: உதவி வனப் பாதுகாவலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள, அதற்கென அதிகாரம் பெற்ற அதிகாரி முன்னால் பதிவாகும் வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்கலாம். எனவே, பேசுவதற்கு முன் வழக்கறிஞரை அழைப்பது கோழைத்தனமல்ல.

தாத்தா வைத்துவிட்டுப் போன மான்கொம்பு பரணில் கிடக்கிறது, சான்றிதழ் இல்லை என்றால்? இங்கே கொண்டுவந்து விலை கேட்பது மிக மோசமான யோசனை. ஆற்றில் வீசுவதும் சான்றை அழித்ததாகப் போய் முடியும். வழக்கறிஞரோடு பேசி, அந்த ஊர் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒப்படைப்பதே வழி.

மீன்

தெருவின் பின்புறம் காயல். அந்தப் பக்கச் சட்டத்தை வனத்துறை பார்ப்பதில்லை. மீன்வளத்துறையின் மரைன் என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவு பார்க்கிறது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து ரோ-ரோ படகில் ஏறினால் சில நிமிடத்தில் வந்துவிடும் வைப்பினில் அவர்களுக்கு நிலையம் உண்டு.

அவர்களின் முக்கியக் கருவி அளவுகோல். கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1980இல் வந்தது, இழுவைப் படகுகளுக்கும் நாட்டுப் படகுக்காரர்களுக்கும் நடந்த கடும் மோதல்களின் பின்னணியில். மீன்குஞ்சுகளைக் காக்கும் விதி வெகு தாமதமாகத்தான் வந்தது. கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் (1947இல் பிறந்து, நம் மண்டபத்தில் இயங்கி, 1971இல் இங்கே குடிபெயர்ந்தது) மீனுக்கு மீன் குறைந்தபட்ச நீளம் பரிந்துரைத்தது. மாநில அரசு 2015இல் 14 இனங்களுக்கும், பிறகு 58 இனங்களுக்கும் அதைச் சட்டமாக்கியது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14. வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். இழுவை வலையின் பின்முனைப் பையில் கண் 35 மி.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. விளக்கு கட்டி மீன் கூட்டுவதும், இரு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுப்பதும் தடை. மீறும் பெரிய படகுக்கு 2.5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிடிபட்ட குஞ்சு மீனைச் சந்தைக்கு விடாமல் ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். நல்ல மீன் இருந்தால் ஏலம், பணம் கருவூலத்துக்கு.

மீன் பிடித்தவர்களுக்கு இது வயிற்றெரிச்சல்தான். ஆனால் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கண்ட கேரளக் கரை, 2021இல் சுமார் 3,300 டன்னில் வந்து நின்றதை அவர்களும் மறக்கவில்லை. கடல் சூடாவது உள்பட அதற்குப் பல காரணங்கள் உண்டு. குஞ்சு மீன் பிடிப்பு மட்டுமே காரணம் என்று பழிபோட முடியாது.

பிடிக்கவும் விற்கவும் தடையுள்ள கடல் அட்டையைப் பற்றி ராமநாதபுரத்து வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே அது லட்சத்தீவுத் தொடர்பில் வருகிறது. 2020 ஜனவரியில் சுஹேலி தீவருகே 1,700க்கும் மேற்பட்ட கடல் அட்டைகள் பிடிபட்டன. அடுத்த மாதமே செரியபாணியைச் சுற்றி அதற்கென ஒரு காப்பிடத்தை அறிவித்தது தீவு நிர்வாகம். காய்ந்த அட்டையை மருந்தென்றோ சூப்புப் பொருளென்றோ யார் நீட்டினாலும் வாங்கக் கூடாது.

சீன வலையருகே கடற்கரை வண்டியில் மீன் வாங்கி அங்கேயே பொரித்துத் தரச் சொல்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்கலாம். மத்தி உள்ளங்கை அகலத்தைவிட நீளமாக இருக்கிறதா என்பது ஒன்று. நாள் எது என்பது மற்றொன்று: 1988இல் தொடங்கிய மழைக்கால இழுவைத் தடை, 2018 முதல் ஜூன் 9 நள்ளிரவில் ஆரம்பித்து ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாள் நீள்கிறது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடையோடு இதைக் குழப்பக் கூடாது. கேரளத் தடை வள்ளங்களுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் பொருந்தாது. அதனால் ஜூன், ஜூலையில் வண்டிக்காரர் காட்டும் மத்தியும் அயிலையும் முறைப்படி பிடித்ததாக இருக்கலாம். ஆழ்கடல் கணவாயும் இறாலும் இன்று காலை வலையில் விழுந்தது என்று அந்த மாதங்களில் சொன்னால், அது ஐஸ் பெட்டியில் இருந்ததா, வெளிமாநிலத்திலிருந்து வந்ததா என்று கேட்டு, விலையைக் குறைத்துப் பேசலாம்.